கழிவு விலையில் ஒரு ரிட்டர்ன் டிக்கெட்

இந்த வீட்டில் காய்ச்சல் வந்தால்தான் தேநீர் குடிப்பார்கள். சைப்ரஸுக்கு வந்த முதல் வாரம், நான் பார்த்துக்கொள்ளும் கிழவிக்குக் காலையில் ஒரு கோப்பை பிளேன்டீ ஊற்றிக் கொண்டுபோய் வைத்தேன். கிரியா என்று அவரை அழைக்க வேண்டும், நம் ஊரில் வீட்டுக்கார அம்மாவை நோனா என்பதுபோல. கிரியா பதறிப்போய் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், பிறகு தன் நெற்றியையும் தொட்டுப் பார்த்துக்கொண்டார். உடனே மகனுக்குப் போன் போட்டு, வந்திருப்பவள் நோயாளி என்று சொல்லிவிட்டார். இலங்கை மலைநாட்டு வட்டவளையில் கொழுந்துக் கூடையைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இது எப்படி இருக்கும் என்று நீங்களே சொல்லுங்கள். மழையிலும் அட்டைக்கடியிலும் நாங்கள் பறித்து அனுப்புகிற சாமான் இங்கே காய்ச்சலுக்குப் போடும் பெனடோல் மாதிரி. ஆனால் மனிதர் எதற்கும் பழகிவிடுவார். நாலு வருடத்தில் நானும் காப்பிக்குப் பழகிவிட்டேன்.

பழக முடியாமல் போனது ஒன்றே ஒன்று, விமான டிக்கெட்டின் விலை. காலையில் போனில் ஒரு விலை இருக்கும். கிரியாவைக் குளிப்பாட்டி, தலைவாரி, நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு வந்து பார்த்தால் அதே விமானம், அதே ஆசனம், வேறு விலை. 'இன்னும் இரண்டு ஆசனம்தான் இருக்கிறது' என்று சிவப்பு எழுத்தில் மிரட்டும். வட்டவளை ஸ்டேஷனில் டிக்கெட் விலை பலகையில் எழுதியிருக்கும். டாக்டருக்கும் அதே விலை, கொழுந்து பறிப்பவளுக்கும் அதே விலை.

நான் டிக்கெட் தேடிய காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். ஊரில் பெட்ரோலுக்கும் சமையல் காஸுக்கும் பால்மாவுக்கும் வரிசை நின்ற காலம் அது. உரம் இல்லாமல் தேயிலை காய்ந்தது, தோட்டத்தில் வேலை நாள் குறைந்தது. ஆசிரியர்கள் வர பஸ் இல்லாததால் பள்ளிக்கூடம் பாதி நாள் பூட்டிக் கிடந்தது. அப்போதுதான் டவுனிலிருந்து ஒரு புரோக்கர் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு வந்திருக்கிறார். கொழும்பில் நல்ல குடும்பம், வீட்டு வேலை, மூன்று வேளைச் சாப்பாடு. யார் கேட்டாலும் வயது பதினெட்டு என்று சொல்லிவிட வேண்டும். என் மகள் யோகாவுக்குப் பதினைந்து முடியவில்லை.

"நான்தான் காசு அனுப்புறேனே, புள்ளைய எதுக்கு அனுப்பணும்?" என்று கணவரிடம் கேட்டேன்.

"நீ அனுப்புற, நான் இல்லங்கல. கடையில சாமான் இருந்தாத்தானே வாங்க? நேத்து ராவைக்கு அவ ரொட்டியில பாதிய தம்பிக்குக் குடுத்துட்டா. அங்க போனா வயிறு நெறையும்."

போனை யோகா வாங்கினாள். "அம்மா, நீங்களும் பதினாலு வயசுல போனீங்கதானே? போயி சமையல் பழகினதாலதானே இப்ப வெளிநாட்டுல இருக்கீங்க?"

அவள் சொன்னது பொய்யில்லை. கொழும்பில் அந்த வீட்டில் மூன்று வருடம் இருந்தேன். அங்கே நான் பழகியது சமையல் மட்டும் என்றுதான் ஊரில் எல்லோரும் நினைக்கிறார்கள். கல்யாணமாகிப் பதினாறு வருடமாகியும் இவரிடமும் மற்றதைச் சொல்லவில்லை. போனிலாவது சொல்லலாம் என்றால், எங்கள் லயத்தில் ஒரு காம்பராவில் இருமினால் ஆறாவது காம்பராவில் கேட்கும். அங்கே இருப்பது காதில் வைத்தால் கேட்காத பழைய போன், ஸ்பீக்கரில் போட்டால்தான் பேச முடியும். நான் பேசும்போது பின்னால் நாலைந்து பேர் "என்னவாம்?" என்று கேட்பது எனக்கே கேட்கும். நேரில் போய், என் பிள்ளையைத் தேயிலைக்குள் கூட்டிப்போய், அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டிய விஷயம் அது.

"நான் வர்றேன். வர்ற வரைக்கும் அனுப்பாதீங்க" என்றேன்.

"திங்கக்கிழமை காலை ரயிலுக்குக் கூட்டிட்டுப் போறதா பேச்சு. அதுக்குள்ள நீ வந்து நின்னா நிறுத்துறேன். அப்புறம் என்னால முடியாது" என்றார். அவரும் கெட்டவர் இல்லை. பிள்ளைகள் பசியோடு தூங்குவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் அவர், நான் இல்லை.

கிரியா பத்து நாள் லீவு கொடுத்தார். அடுத்த வீட்டில் வேலை செய்யும் மாத்தறைப் பெண் நில்மினிதான் டிக்கெட் தேடினாள். இங்கிருந்து கொழும்புக்கு ஒரு வழி டிக்கெட், விலையைப் பார்த்தாலே தலை சுற்றியது. "அக்கே, இங்கே பாருங்கள்" என்று சிங்களத்தில் கூவினாள். ஆள் இல்லாமல் பறப்பதைவிட மலிவாக விற்றாலும் பரவாயில்லை என்று யாரோ விலையைக் குறைத்து ஒரு கழிவு போட்டிருந்தார்கள். கொழும்பிலிருந்து இங்கே வந்து, திரும்பவும் கொழும்பு போகும் ரிட்டர்ன் டிக்கெட். அது ஒரு வழி டிக்கெட்டின் பாதி விலைகூட இல்லை! வரும் பயணம் புதன்கிழமை, திரும்பும் பயணம் வெள்ளிக்கிழமை. வரும் பாதி எனக்கு வேண்டாம், திரும்பும் பாதி போதும். சனிக்கிழமை கட்டுநாயக்கா விமான நிலையம், ஞாயிற்றுக்கிழமை வீடு. நில்மினிக்குக் கொஞ்சம் சந்தேகம் இருந்தது, எனக்குத் துளியும் இல்லை.

எப்படி இருக்கும்? நாங்கள் அப்படியே வளர்ந்தவர்கள். கண்டி ஆஸ்பத்திரிக்கு ஆளைக் கூட்டிப்போனால் ரயிலுக்கு இரண்டு பேருக்கும் ரிட்டர்ன் எடுப்போம். நோயாளியை வார்டில் வைத்துக்கொண்டால் அவருடைய திரும்பும் துண்டு வீணாகாது. அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போகிற எங்கள் தோட்டத்து ஆள் யாராவது வாசலில் நிற்பார், அவர் கையில் கொடுத்துவிடுவோம். வட்டவளையில் அந்தத் துண்டைக் கொடுத்துவிட்டு வெளியே போகலாம். போன பாதியில் யார் போனது என்று ஸ்டேஷன் மாஸ்டர் ஒருநாளும் கேட்டதில்லை. காசு கொடுத்து வாங்கிய துண்டு, யார் எந்தப் பாதியில் போனால் என்ன?

வெள்ளிக்கிழமை லார்னகா விமான நிலையத்தில், யோகாவின் காலுக்கு ஒரு ஜோடி சப்பாத்தும் பால்மா எட்டுப் பைக்கட்டும் நிரப்பிய பெட்டியோடு வரிசையில் நின்றேன். கவுண்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நீங்கள் வரவில்லையே" என்றாள் ஆங்கிலத்தில்.

"வந்துவிட்டேன், மேடம். நேரத்துக்கு வந்துவிட்டேன்."

"இல்லை, புதன்கிழமை கொழும்பிலிருந்து நீங்கள் வரவில்லை."

"நான் நாலு வருடத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டேன்."

அவள் சிரிக்கவில்லை. முதல் பாதியில் ஏறாவிட்டால் இரண்டாம் பாதி தானாகவே ரத்தாகிவிடும், காசும் திரும்பாது, அதெல்லாம் வாங்கும்போதே எழுதியிருக்கும் என்றாள். பிறகு திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். "இதன்படி நீங்கள் இன்னும் கொழும்பில்தான் இருக்கிறீர்கள்" என்றாள். நான் கும்பிட்டேன், அழுதேன், மகள் என்றேன், திங்கட்கிழமை என்றேன். புதிய டிக்கெட்டுக்கு அவள் சொன்ன விலைக்கு என்னிடம் இருந்ததும் நில்மினியிடம் இருந்ததும் சேர்ந்தாலும் போதாது. பின்னால் நின்றவர் என் பெட்டியைக் காலால் மெதுவாகத் தள்ளிவிட்டு முன்னே போனார்.

அன்றும் மறுநாளும் ஞாயிற்றுக்கிழமையும் வீட்டுக்குப் போன் செய்தேன். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் பின்னால் ஆட்களின் குரல் கேட்டது. "அனுப்பாதீங்க, அனுப்பாதீங்க" என்று மட்டும் கிளிப்பிள்ளைபோலச் சொன்னேன்.

"ஏன்னு காரணத்தச் சொல்லு, நிறுத்துறேன்" என்றார் அவர்.

சொல்லவில்லை. என் மானத்தை என் பிள்ளையைவிடப் பெரிதாக வைத்துக்கொண்டேன். அந்தக் கவுண்டர் பெண்ணையும் கழிவு போட்டவனையும் எத்தனை திட்டினாலும் இது மட்டும் என் தலையில்தான். திங்கட்கிழமை காலை ரயிலில் புரோக்கரோடு யோகா போனாள். கொழும்பில் வெள்ளவத்தைப் பக்கம் என்பதைத் தவிர எங்களிடம் விலாசம் எதுவும் இல்லை. அன்று பகல் இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், ஸ்பீக்கரில்தான், லயமே கேட்கட்டும் என்று. அவர் அடுத்த ரயிலைப் பிடித்துக் கொழும்புக்குப் போய் மூன்று நாள் தெருத்தெருவாக அலைந்தார், பொலிஸிலும் எழுதிக் கொடுத்தார். புரோக்கரின் போன் இன்றுவரை வேலை செய்யவில்லை.

பன்னிரண்டாம் நாள் தெரியாத நம்பரிலிருந்து யோகா கூப்பிட்டாள். நம்பரைத் திருப்பி அடித்தால் யாரும் எடுப்பதில்லை. அவள் ஒரு நிமிடம்கூடப் பேசவில்லை.

"அம்மா, நான் நல்லா இருக்கேன். சாப்பாடெல்லாம் நல்லா குடுக்குறாங்க."

"வீடு எங்க இருக்கு யோகா? ரோட்டுப் பேரு என்ன?"

"நான் நல்லா இருக்கேன் அம்மா."

அந்தக் குரலை எனக்குத் தெரியும். வீட்டுக்கார அம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, மூன்று வருடமும் என் அம்மாவிடம் நான் பேசிய குரல் அது. இப்போது கிரியாவின் நாற்காலியைக் கடற்கரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போகும்போது, நான் எங்கே நடக்கிறேன் என்பதே சில நேரம் மறந்துபோகிறது. கையில் கொழும்புக் குசினியின் அடுப்புச் சாம்பல் வாடை வருகிறது. பின்னால் அந்த வீட்டு ஐயா வருகிற காலடி கேட்கிறது. அந்தத் திரை சரியாகத்தான் சொன்னது. நான் கொழும்பிலிருந்து இன்னும் புறப்படவே இல்லை.