புஷ்பவதிகிட்ட குடு

புஷ்பவதி எங்கள் தோட்டத்துப் புள்ளமடுவத்தில் ஆயா. கொழுந்துக்கும் ரப்பருக்கும் போகிற தாய்மார், கைப்புள்ளையை அவளிடம் விட்டுவிட்டுத்தான் மலையேறுவார்கள். பதினெட்டு வருசமாக அப்படித்தான். எந்தப் புள்ள அழுதாலும் "புஷ்பவதிகிட்ட குடு" என்பது எங்கள் வாயில் பழகிப்போன பேச்சு.

போன மாசம் பெல்மதுளை டவுனில் பகல் மூன்று மணிக்கு நாடகம். அவள் மகள் தர்மிளாவுக்கு அதில் ஒரே ஒரு கட்டம். லயத்து வீட்டைக் காலி செய்ய மாட்டேன் என்று தோட்டத்துத் துரையிடம் வழக்காடுகிற பெண். புஷ்பவதி லீவு போட்டு வந்து நடுவரிசைக் கதிரையில் உட்கார்ந்தாள். "எம் புள்ளைய மேடையில பாத்ததே இல்ல அம்மாயி" என்றாள் என்னிடம்.

கதவருகே நின்ற சிங்கள மனுசன் முதலிலேயே சொன்னார். போனை நிறுத்துங்கள், கைப்புள்ளக்காரர்கள் வாசலோரம் உட்காருங்கள், வெளியே போனால் கட்டம் முடிந்துதான் உள்ளே வரலாம். வாசலோரமிருந்து என் கண்ணுக்கு மேடை தெரியாது. பேத்தி ஷாமிளாவையும் அவள் புள்ளையையும் முன்வரிசைக்கு இழுத்துப் போனது நான்தான். அதையும் என் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

துரை வேசக்காரர் வந்ததும், தொப்பியைக் கண்டு புள்ள வீரென்று கத்தியது. பின்னால் உஸ் உஸ் என்றார்கள். "புஷ்பவதிகிட்ட குடுடி" என்றேன். ஷாமிளா பின்னால் நீட்டினாள். தலைக்கு மேலே கைமாறிக் கைமாறிப் போய், புள்ள புஷ்பவதி மடியில் இறங்கியது. ஒருவருக்கும் வேறு யோசனை வரவில்லை. அவளும் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனாள்.

அடுத்து மேடைக்கு வந்தது தர்மிளா.

வெளியே போனதும் புள்ள அடங்கிவிட்டதாம். "மகே துவ, என் மகள்" என்று கதவுக்காரரிடம் இரண்டு பாசையிலும் கேட்டிருக்கிறாள். பொறுங்கள் என்று கைகாட்டினாராம். அவர் மேல் பிழையில்லை. எல்லாருக்கும் சொன்னதைத்தான் அவளுக்கும் சொன்னார்.

திரும்பும்போது பஸ்ஸில் தர்மிளா தாயிடம் ஒன்றுதான் சொன்னாள். "ஒங்க கதிரை காலியா இருந்துச்சு."

"புள்ளன்னா அழத்தான் செய்யும்" என்று நான் அப்போதும் விடவில்லை.

மறுவாரம் அதே நாடகம் கலவானவில். பஸ்ஸிலேயே சொல்லிவிட்டேன். "பெத்தவ தூக்கிட்டு வெளிய போகணும். புஷ்பவதி கையில எவளாவது குடுத்தீங்க, எங்கிட்ட வாங்குவீங்க."

"மொதல்ல குடுக்கச் சொன்னதே நீங்கதானே" என்றாள் பக்கத்து லயத்து வெள்ளையம்மா.

"அதனாலதாண்டி சொல்றேன்."

அன்றைக்கு வாசலோரம் உட்கார்ந்தோம். தொப்பி புள்ள கண்ணில் பட்டது, வாயைத் திறந்தது. ஷாமிளாவை இருக்கச் சொல்லிவிட்டு நானே தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

முடிந்ததும் புஷ்பவதியிடம் கேட்டேன், எப்படியென்று.

"நல்லாத்தான் பேசுனா. சேலையத்தான் ஒரு பக்கம் ஏத்திக் கட்டியிருந்தா."

"அப்ப பாத்துட்டீங்க" என்றாள் தர்மிளா.