நீலத் துண்டுகள் இருந்த பக்கம்

அன்று ஞாயிற்றுக்கிழமை. மாதா கோயில் பூசைக்குக் கிளம்பும் முன் நாளிதழைப் பிரித்தேன். முதல் பக்கத் தலைப்பு பாதியிலிருந்து தொடங்கியது. அடுத்த செய்தியும் அப்படியே. இருபத்திரண்டு ஆண்டுகள் மதுரையில் ஒரு நாளிதழில் பக்கம் வடிவமைத்தவள் என்பதால், தவறு யாருடையது என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

“இன்னைக்கு நியூஸ் டெஸ்க்ல யாரு உக்காந்தாகளோ. ஒரு தலைப்பு உருப்படியா இல்ல” என்றேன்.

கணவர் வாங்கிப் பார்த்தார். “எல்லாம் சரியாத்தானே இருக்கு?” என்றார்.

சற்று நேரத்தில் இடது கையிலிருந்த காபி டம்ளர் விழுந்தது. அது நழுவியதை நான் உணரவில்லை. சத்தம் கேட்டுத்தான் குனிந்தேன். வாயுவாக இருக்கும் என்று கணவர் இஞ்சித் தண்ணீர் வைத்துக் கொடுத்து, படுக்கச் சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போனார். திரும்பி வந்தபோது என் வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது.

காரைக்குடியிலிருந்து மதுரைக்குக் காரில் போனோம். மருத்துவமனையில் சி.டி. ஸ்கேன் (தலையின் உட்பகுதியை அடுக்கடுக்காகப் படமெடுக்கும் சோதனை) எடுத்தார்கள். மூளையின் வலது பாதியில் ஸ்ட்ரோக் (ரத்தம் போகும் குழாய் அடைபட்டு அந்தப் பகுதி செயலிழப்பது). ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி ஒன்று உண்டு என்றும், அதைப் போடுவதற்கான நேரம் கடந்துவிட்டது என்றும் மருத்துவர் சொன்னார். கணவர் அப்போது சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அது எனக்கு நினைவிருக்கிறது.

ஒன்பது நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்று மருத்துவர் இடப்பக்கத்தைப் பற்றி நிறையச் சொன்னார். அவர் சொன்னதில் கணவரின் குறிப்பேட்டில் ஏறியது ஒரு வரி: “இடது கை பலவீனம், மூன்று மாதம்.” நாங்கள் அந்த வரியைத்தான் நோயாக எடுத்துக்கொண்டோம்.

கை தேறிவந்தது. இரண்டாம் மாதத்தில் ரவிக்கைக் கொக்கியை நானே மாட்டினேன். கதவு நிலையில் இடது தோள் இடித்துக்கொண்டே இருந்தது. பலவீனம் என்று விட்டுவிட்டோம். அச்சிட்ட தாள் கண்ணைச் சோர்வாக்குவதாகத் தோன்றியதால் செய்திகளைக் கைப்பேசியில் மட்டும் படித்தேன். கைப்பேசியில் வரி குறுகியது. அதில் ஒன்றும் குறையவில்லை.

எனக்கு ஒரே குறி ஸ்கூட்டர். செக்காலை ரோட்டில் ஓர் அச்சகத்தில் பகுதி நேரமாகப் பக்கம் வடிவமைத்து வந்தேன். மூன்று மாதம் முடியும் திங்கட்கிழமை வண்டியில் அங்கே போய் இறங்குவது என்று தீர்மானித்திருந்தேன். அதற்கு எட்டு நாள் முன்பு, ஒரு ஞாயிறு, தெருக்கோடி வரை ஓட்டியும் பார்த்தேன். எதிரே ஒன்றும் வரவில்லை. வண்டி ஆடவில்லை. கணவர் வாசலில் நின்று பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அந்த மாதங்களில் அவர் பேச்சே குறைந்திருந்தது. காலையில் நான் விழிக்கும்போது படுக்கையில் இருப்பதில்லை. பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், பழக்கத்தில் முன்னதாக எழுந்துவிடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

விரல்களுக்குப் பயிற்சியாகத் துணி எடுப்பது, வைப்பது, தைப்பது நல்லது என்று பிசியோதெரபிஸ்ட் (உடற்பயிற்சி மூலம் சிகிச்சை தருபவர்) சொல்லியிருந்தார். என் தங்கை செல்வி தையல் கடை வைத்திருக்கிறாள். சட்டைத் துணிக் கம்பெனிகள் கடைக்குத் தரும் சாம்பிள் புத்தகங்களை அவள் எறிவதில்லை. அட்டையிலிருந்து உரித்தால் எல்லாம் ஒரே அளவு, உள்ளங்கை அகலத் துண்டுகள். ஓரம் பல் பல்லாக வெட்டியிருப்பதால் நூல் பிரியாது. இரண்டு பை நிறையக் கொண்டுவந்தாள்.

“ஒனக்கு வெட்டுற வேலையே இல்ல. எடுத்து, வச்சு, தைக்கிறதுதான். ஒரு ஒட்டுப் போர்வை ஆகிரும்” என்றாள். “டிசைன் எடுத்துத் தரவா? போன்ல ஆயிரம் இருக்கு.”

“இத்தனை வருசம் பக்கம் போட்டவளுக்கு நீ டிசைன் தாரியாக்கும்.”

“சரி தாயே, தெரியாமக் கேட்டுட்டேன்.”

சாப்பாட்டு மேசையில் பழைய விரிப்பைப் போட்டு, அதன் மேல் விளிம்பில் துண்டுகளை நிறவாரியாக வரிசையாய் அடுக்கி வைத்துவிட்டுப் போனாள். ஜன்னல் வெளிச்சம் விழும் நாற்காலியில் தினமும் உட்கார்ந்தேன். முன்வரைவு கிடையாது, விதிகள் மட்டும் வைத்துக்கொண்டேன். கோடு போட்ட துணிக்குப் பக்கத்தில் கோடு போட்டது வரக் கூடாது. கட்டம் போட்ட இரண்டு துண்டுகள் ஒட்டி நிற்கக் கூடாது. அழுத்தமான நிறத்துக்குக் கீழே வெளிறிய நிறம். ஒரு துண்டை வைத்தால், அடுத்ததை அதுவே கேட்கும். பழுப்பு, சாம்பல், சந்தனம், மறுபடி பழுப்பு. குளிர்ந்த நிறம் ஒன்று இருந்தால் நன்றாக இருக்கும் என்று பலமுறை தோன்றியது. கொடுத்ததை வைத்துத்தானே செய்ய முடியும் என்று தொடர்ந்தேன். வைத்ததை வரிசை வரிசையாகத் தைத்தேன். ஒரு வாரத்தில் விரிப்பு நிறைந்துவிட்டது.

சனிக்கிழமை செல்வி வந்தாள்.

“என்னக்கா ஒரே காக்கியா இருக்கு. போலீஸ் ஸ்டேஷனுக்கா தைக்கிற?”

“நீ குடுத்ததுதான். ஒரு நீலம் வச்சியா நீ?”

“வைக்கலையா? நாலு கட்டு வச்சேன். ஆமா, ஏன் பாதியில நிறுத்திட்ட?”

“எங்க பாதி? அதான் நெறஞ்சுருச்சே.”

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்பதைக் கண்டதும் நிறுத்திக்கொண்டாள். என் முகத்தையும் மேசையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அக்கா, எந்திரி. அங்குட்டுப் போய் உக்காரு.”

மேசையைச் சுற்றிப் போய் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன். நீலம் இருந்தது. நான்கு கட்டுகள், கலையாமல்: வானம், மயில் கழுத்து, பள்ளிச் சீருடை நீலம், கறுப்புக்குப் பக்கத்தில் நிற்கும் ஒன்று. அவற்றுக்கு அப்பால் விரிப்பில் பாதி வெறுமையாகக் கிடந்தது. அச்சுக்குப் போகவிருக்கும் பக்கத்தில் பாதி வெள்ளையாக இருப்பதை, ஒரு வாரம் பார்த்தும் கண்டுபிடிக்காமல் இருந்திருக்கிறேன்.

பயம் அதில் வரவில்லை. “இப்ப பழுப்பு எங்க இருக்கு?” என்று செல்வி கேட்டாள். அதை நான் தேடவே இல்லை. அது இல்லாதது எனக்குக் குறையாகத் தெரியவில்லை. அப்போதுதான் பயம் வந்தது.

இதே நிலையில் உள்ளவர்களுக்காக இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இடப்பக்கம் இருட்டாக இருக்காது. மங்கலாக இருக்காது. இருட்டாக இருந்தால் விளக்கைப் போடச் சொல்லியிருப்பேன். அந்தப் பக்கம் என்று ஒன்று இருப்பதே நினைவுக்கு வராது.

செல்வி வாயைப் பொத்திக்கொண்டாள். “எல... விருந்துல போட்ட எல” என்றாள்.

முந்தைய மாதம் அவள் மகளின் புதுநன்மை (முதன்முதலாக நற்கருணை வாங்கும் சடங்கு) விருந்து. திருப்பத்தூரில் இலை போட்டுச் சாப்பாடு. இலையின் இடது ஓரத்தில் உப்பு, ஊறுகாய், கேசரி, அதற்குக் கீழே அப்பளம். நான் அவை எதையும் தொடாமல், சோற்றிலும் பாதியை விட்டு எழுந்தேன். செல்வியின் கணவர் பக்கத்து இலைக்காரரிடம், பந்தியில் எல்லாரும் கேட்கச் சொன்னார்: “மதினியப் பாருங்கண்ணே. உப்பு இல்ல, ஊறுகா இல்ல, இனிப்புத் தொடல. நீங்க என்னடான்னா சுகரை வச்சுக்கிட்டு மூணாவது கேசரிக்குக் கை நீட்டுறீக.” பந்தியே சிரித்தது. நோயாளியின் கட்டுப்பாடு என்று பாராட்டினார்கள். பாராட்டை நானும் வாங்கிக்கொண்டேன். கேசரி வைத்தது எனக்குத் தெரியாது.

கணவர் அடுப்படியிலிருந்து வந்தார். செல்வி விஷயத்தைச் சொன்னாள். “திங்கக்கெழம வண்டி வேணாம் மச்சான்” என்றாள்.

“துணி வேற, ரோடு வேற” என்றேன். “போன வாரம் ஓட்டுனேன்ல. நீங்க பாத்துக்கிட்டுத்தானே நின்னீக? சொல்லுங்க.”

அவர் தோளில் கிடந்த துண்டால் கையைத் துடைத்தார்.

“மீன்காரம்மா எடது ஓரமா வந்தாக. நீ வண்டிய ஒடிக்கவே இல்ல. அவுகதான் கூடையோட செவுத்துல ஒட்டிக்கிட்டாக. சக்கரம் சேலையில உரசிருச்சு.”

எனக்கு எந்த மீன்காரம்மாவும் நினைவில் இல்லை. தெரு காலியாக இருந்தது. இன்றும் அந்தத் தெரு என் நினைவில் காலியாகத்தான் இருக்கிறது.

“ஏன் அப்பவே சொல்லல?”

“சொன்னேன். வண்டிய நிறுத்தினதும் பக்கத்துல வந்து சொன்னேன். நீ திரும்பாம உள்ள போயிட்ட.” துண்டை மடித்துத் தோளில் போட்டார். “மூணு மாசமா அப்படித்தானே. பக்கத்துல உக்காந்து பேசுனா பதிலே இல்ல. அன்னைக்கு இஞ்சித் தண்ணியக் குடுத்துட்டுப் பூசைக்குப் போனேன்ல, அந்தக் கோவம்னு நெனச்சேன். நியாயமான கோவந்தானேன்னு விட்டுட்டேன்.”

கூடத்தில் அவர் நாற்காலி என் நாற்காலிக்கு இடப்பக்கம்.

வண்டிச் சாவி மேசை மேலேயே இருந்தது. அதை எடுத்துச் செல்வியிடம் கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை மதுரைக்குப் போனோம். தாள் முழுக்க வட்டங்கள் அச்சிட்டுத் தந்து, எல்லாவற்றையும் பேனாவால் அடிக்கச் சொன்னார் மருத்துவர். அடித்து முடித்துவிட்டதாகத் தந்தேன். தாளைத் தலைகீழாகத் திருப்பிக் காட்டினார்; பாதி வட்டங்கள் அடிபடாமல் இருந்தன. பக்கப் புறக்கணிப்பு (கண் பார்த்தாலும் மூளை ஒரு பக்கத்தைக் கணக்கில் சேர்க்காத நிலை) என்றார். “கை தேறியதும் எல்லாம் தேறிவிட்டதாகப் பலர் நினைத்துக்கொள்கிறார்கள்” என்றார். குரலில் கண்டிப்பு இல்லை. வண்டி எப்போது என்று கேட்டேன். “இந்தத் தாள் எனக்குத் திருப்தி தந்த பிறகு பேசுவோம். தராமலும் போகலாம், அம்மா.”

ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். எதன் இடது விளிம்பிலும் சிவப்பாக ஏதாவது வைக்க வேண்டும். சிவப்பைக் கண்டுபிடித்த பிறகே படிக்க, சாப்பிட, நடக்கத் தொடங்க வேண்டும். வீட்டில் ஒருவர் பாதித் தட்டை விட்டு எழுந்தால், தட்டை அரைச் சுற்றுத் திருப்பி வையுங்கள். மீதியையும் சாப்பிட்டால், அது பசியின்மை அல்ல. இது எனக்கு முன்பே யாராவது எழுதி வைத்திருந்தால் உதவியிருக்கும்.

போர்வையை முடிக்க ஐந்து மாதம் ஆனது. செல்வி இடது ஓரம் முழுக்கச் சிவப்புப் பட்டை வைத்துத் தந்தாள். அதிலிருந்து தொடங்கி நீலங்களைத் தேர்ந்தேன். ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் சிவப்பைத் தொட்டேன். பழுப்புப் பாதியில் தையல் நெருக்கம். நீலப் பாதியில் இழை கோணலாக, அகல அகலமாகப் போகிறது. இரண்டும் சேரும் இடத்தில் விதிகள் உடைந்து, கோடும் கோடும் முட்டி நிற்கின்றன. பிரித்துத் தைக்கவா என்று செல்வி கேட்டாள். வேண்டாம் என்றேன்.

தாள் இன்னும் மருத்துவருக்குத் திருப்தி தரவில்லை. ஸ்கூட்டரைத் தங்கை வீட்டில் விட்டிருக்கிறோம். அச்சகத்துக்கு டவுன் பஸ்ஸில் போகிறேன். ஒரு பக்கத்துக்கு முன்பு ஆன நேரத்தைப் போல மூன்று மடங்கு ஆகிறது. உடம்பு ஒரே தடவையில் எழுந்துகொள்வதில்லை. ஒரு பாதி முதலில், மற்றது பிறகு. இடையிலுள்ள நேரம் எவ்வளவு என்று எனக்குச் சொல்லத் தெரியாது.

காலையில் கண் விழித்ததும் அசையாமல் கிடந்து, மேலே கிடக்கும் போர்வையில் தேடுகிறேன். பழுப்பு உடனே கிடைக்கும். அது முடியும் இடத்தில் நிற்காமல் போக வேண்டும். நீலம். பிறகு சிவப்பு. சிவப்பைத் தாண்டினால் அவர் தோள். அந்த மூன்று மாதமும் அவர் அங்கேதான் படுத்திருந்தாராம், நான் எழுந்து போகும்வரை எழாமல்.

“முழிச்சிட்டியா?” என்று குரல் வரும்.

“இருங்க. இன்னும் நீலத்துலதான் இருக்கேன்” என்பேன்.

அவர் இருக்கிறார்.