பூஜை போட்ட ஜீப்பும் பாண்டான் இலை வாசமும்

மதியம் மூன்று இருபது.

கிள்ளானைத் தாண்டிப் பந்திங் சாலையில் ஏறியபோது மழை பிடித்துக்கொண்டது. நான்கு மணிக்குள் போய்விடலாமா என்று டேஷ்போர்டு கடிகாரத்தைப் பார்த்தேன். "கண்ணாடிய ஏத்துங்க, பட்டுப்புடவை நனையுது" என்றேன். என் கணவர் எல்லாக் கண்ணாடிகளையும் ஏற்றினார். அந்த நிமிடத்தில்தான் எல்லாம் கெட ஆரம்பித்தது. எங்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

போன வாரம் இந்தப் பக்கத்தில் உங்களைக் காணோமே என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில். எழுத உட்கார்ந்தேன். முதல் வரியைத் தாண்ட முடியவில்லை. இந்த வாரம் எழுதிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். ஏனென்றால் உங்களில் பலர் இப்போது செகண்ட் ஹேண்ட் ஜீப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரியும். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் வரிசையில் மட்டுமே மூன்று வீட்டில் அந்தப் பேச்சு ஓடுகிறது.

உயரமான வண்டி, ஏழு பேர் உட்காரலாம், வெள்ளத்தில் மாட்டினாலும் கடந்துவிடும். குடும்பத்தோடு போக இதைவிட வேறென்ன வேண்டும்? நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

கிள்ளானில் ஒரு பழைய கார் கடையில் பார்த்தோம். கரும்பச்சை. கண்ணாடி மாதிரி பாலிஷ். கதவைத் திறந்ததும் பாண்டான் இலை வாசம் கும்மென்று வந்தது. டாக்சிக்காரர்கள் வாசனைக்காகச் சீட்டுக்கு அடியில் கட்டி வைப்பார்களே, அதே இலை. இங்கே ஒரு கட்டு இல்லை, கட்டுக்கட்டாக இருந்தது. "எவ்ளோ சுத்தமா வச்சிருக்காங்க பாருங்க" என்று மெச்சியது வேறு யாருமில்லை, நான்தான்.

சோதனை நடக்காமல் இல்லை. என் கணவரின் அண்ணன் நம்பர் பிளேட்டைக் கூட்டிப் பார்த்தார். ஐந்து வந்தது. "புதன் எண். கண்ண மூடிக்கிட்டு எடு" என்றார்.

கண்ணை மூடிக்கொண்டுதான் எடுத்தோம்.

ராகு காலம் தவிர்த்து வண்டியை எடுத்து, நேராகக் கோவிலுக்கு விட்டோம். பானெட்டில் சந்தனம், கண்ணாடியில் மூன்று பட்டை விபூதி, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம், உள்ளே சாம்பிராணி, முன்னால் மல்லிகை மாலை. பூஜை போட்டு முடித்ததும் அது வண்டியாக இல்லை, வீட்டுக்கு வந்த மருமகளாகிவிட்டது. இனி அதில் ஒரு குறை இருக்கிறது என்று யார் வாயைத் திறக்க முடியும்?

அடுத்த வாரமே என் மகள் சொன்னாள். ஒன்பது வயது. "அம்மா, பின்னால ஒரு மாதிரி வாடை வருது. தல வலிக்குது."

"சாம்பிராணி வாடைடா."

"இல்லம்மா, பஸ் வாடை."

"பூஜை போட்ட வண்டிய அப்படியெல்லாம் சொல்லாத" என்றார் அவள் அப்பா. எனக்கும் ஏதோ வாடை தட்டியதுதான். நானும் வாயை மூடிக்கொண்டேன்.

இப்போது மழைக்கு வருகிறேன்.

பந்திங்கில் என் அக்கா மகளுக்கு அன்று நிச்சயதார்த்தம். பழம், பலகாரம், சேலை என்று சீர்த் தட்டுகள் நடு சீட் முழுக்க உட்கார்ந்திருந்தன. அதனால் பிள்ளைகள் இருவரும் கடைசி சீட்டில். அவர்களுக்கு அது கொண்டாட்டம். ஐந்து வயது மகனுக்குப் புதுச் சப்பாத்து வேறு. காலை வைத்தால் குதிகாலில் சிவப்பு விளக்கு எரியும். வழியெல்லாம் சீட்டை உதைத்து உதைத்து விளக்கு எரியவிட்டுக்கொண்டே வந்தான்.

சாதாரணமாக, ஃபெடரல் ஹைவேயைத் தாண்டுவதற்குள் நான் நான்கு பஞ்சாயத்து முடித்திருப்பேன். அன்று மழை தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் பின்னால் சத்தமே இல்லை.

"பார்த்தியா, வண்டி வந்த நேரம், பிள்ளைங்களுக்கும் புத்தி வந்திருச்சு" என்றார் என் கணவர்.

எனக்கும் பெருமைதான். பையைத் திறந்து, "யாருக்கு முறுக்கு?" என்றேன்.

பதில் இல்லை.

எங்கள் வீட்டில் முறுக்கு என்ற சொல்லுக்குப் பதில் வராமல் போனதே கிடையாது. திரும்பிப் பார்த்தேன். மகள் கண் பாதி திறந்திருந்தது. ஆனால் என்னைப் பார்க்கவில்லை. மகன் அவள் மடியில் துணி மாதிரி கிடந்தான். சப்பாத்தில் விளக்கு எரியவில்லை.

"நிறுத்துங்க! என்னங்க, நிறுத்துங்க!"

இரு பக்கமும் செம்பனைத் தோட்டம். ஒரு வீடு கிடையாது, ஒரு கடை கிடையாது. பின்கதவைத் திறந்து இருவரையும் மழையில் இழுத்துப் போட்டோம். மகள் வாந்தி எடுத்தாள். மகன் கண்ணைத் திறக்கவில்லை. கன்னத்தில் தட்டினேன், கத்தினேன், பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். முனகல்கூட இல்லை.

"ஏறு லலிதா, ஏறு! ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்" என்று என் கணவர் பிள்ளையைத் தூக்கி மறுபடியும் அந்த ஜீப்புக்குள் வைக்கப் போனார்.

மறுபடியும் அதே சீட். அதே மூடிய கண்ணாடி. இன்னும் கால் மணி நேரம்.

அப்போதுதான் அந்த வேன் வந்து நின்றது. எஸ்டேட் எஸ்டேட்டாகப் போய்த் துணி விற்கும் பாய் ஒருவர். வேன் முழுக்கக் கைலியும் சேலையும் மூட்டை மூட்டையாக. இறங்கி ஓடி வந்தவர் என் கணவரின் கையைத்தான் முதலில் பார்த்தார். சாவி ஆடிக்கொண்டிருந்தது.

"அண்ணே, இந்தக் கைய வச்சுக்கிட்டு நீங்க ஓட்ட வேணாம் லா. எல்லாரையும் கொண்டு போய்க் காட்டுக்குள்ள விட்டுருவீங்க. அந்த ஜீப்பு இங்கயே கிடக்கட்டும். ஏறுங்க என் வேன்ல."

"வண்டில சீர்த் தட்டெல்லாம்..." என்று ஆரம்பித்தார் என் கணவர்.

"தட்டு எங்கயும் ஓடிப் போவாது. அக்கா, தம்பியக் குடுங்க!"

அவருக்கும் எதுவும் தெரியாது. விஷ வாயு என்றெல்லாம் அவர் நினைக்கவே இல்லை. நடுங்கும் கையில் ஸ்டியரிங் வேண்டாம் என்று மட்டும்தான் நினைத்தார். அது போதுமானதாக இருந்தது.

பிள்ளைகளைச் சேலை மூட்டைகள்மேல் கிடத்தினோம். அவர் வேனில் ஒரு பக்கக் கண்ணாடி ஏறவே ஏறாது. காற்றும் சாரலும் நேரே பிள்ளைகள் முகத்தில் அடித்தன. 'இப்படி ஒரு ஓட்டை வண்டியா நமக்கு வாய்க்க வேண்டும்' என்று மனதுக்குள் நொந்தபடி முந்தானையால் மறைத்துப் பார்த்தேன். மகள் புதுச் சேலைகள்மேலேயே மறுபடி வாந்தி எடுத்தாள். "ஐயோ பாய்..." என்றேன்.

"துவைச்சா போயிடும் அக்கா. பிள்ளயப் பாருங்க" என்றார், திரும்பாமலே.

பந்திங் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். இளம் டாக்டர் ஒருவர் இரண்டே கேள்விதான் கேட்டார். எங்கே உட்கார்ந்திருந்தார்கள்? கண்ணாடி மூடியிருந்ததா? கேட்டுவிட்டுச் சொன்னார்: வண்டிப் புகை உள்ளே வந்திருக்கிறது. வழியில் நல்ல காற்றுப் பட்டது நல்லதாகப் போயிற்று.

அந்த ஓட்டைக் கண்ணாடியை நான் இனி எந்தக் கோவிலில் வைத்துக் கும்பிடுவது?

இரண்டு நாள் கழித்துப் பட்டறையில் ஜீப்பைத் தூக்கிப் பார்த்தோம். புகைக் குழாயில் விரிசல். கடைசி சீட்டின் கார்ப்பெட்டை உரித்தால், தகரம் துருப்பிடித்து அப்பளமாக இருந்தது. பின்கதவு ரப்பரும் கிழிந்திருந்தது. எப்போதோ தோட்டத்துச் சேற்றில் உழைத்த வண்டியாம். சட்டத்துக்குள் இன்னும் செம்மண் அப்பியிருந்தது. பாண்டான் இலை ஏன் அத்தனை கட்டு என்று அப்போதுதான் புரிந்தது.

ஆகவே, ஜீப் பார்க்கப் போகிறவர்களே... வாசனையை எல்லாம் வெளியே எடுக்கச் சொல்லுங்கள். கண்ணாடிகளை மூடி, எஞ்சினை ஓடவிட்டு, கடைசி சீட்டில் நீங்களே போய் உட்காருங்கள். வண்டி வாங்கப் போகிற அப்பாக்கள் எல்லாரும் டிரைவர் சீட்டில்தானே உட்கார்ந்து பார்க்கிறார்கள்? பிள்ளைகள் உட்காரும் இடத்தில் யார் உட்கார்ந்து பார்த்தார்கள்? வாடை தட்டினால் உடனே இறங்கி, அப்படியே வீட்டுக்கு வந்துவிடுங்கள். கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள். மேலே பாலிஷைப் பார்க்கிற கண் ஒரு தடவை அடியிலும் பார்க்கட்டும். அங்கே சேறு இருந்தால், அந்த வண்டி குடும்பம் நடத்தவில்லை, கூலி வேலை பார்த்திருக்கிறது என்று அர்த்தம். ஃபோர் வீல் கியரைப் போட்டு ஓட்டிப் பாருங்கள். முனகினால் விட்டுவிடுங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் போவதற்கு முன்பே சூடேற்றி வைத்திருந்தால், அதற்கு ஒரு காரணம் இருக்கும்.

பூஜை? கட்டாயம் போடுங்கள். ஆனால் மெக்கானிக் பார்த்த பிறகு. பிள்ளை ஒரு குறை சொன்னால், அது பூஜைக்குப் பிறகு என்றாலும் காது கொடுங்கள்.

அந்தச் சாயங்காலத்துக்குத் திரும்புகிறேன். மகள் முதலில் தெளிந்தாள். மகன் மட்டும் எழவில்லை. நான் அவன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு காலில் சப்பாத்து, இன்னொன்றில் இல்லை. எங்கே விழுந்தது என்று நினைக்கக்கூட எனக்குத் தெம்பில்லை. நிச்சயதார்த்தத்தை அப்படியே விட்டு ஓடி வந்த அக்கா, வார்டு வாசலில் அழுதுகொண்டிருந்தாள்.

வெகு நேரம் கழித்துக் கண்ணைத் திறந்தான். என்னைப் பார்த்தான். பிறகு காலைப் பார்த்தான். "அம்மா... என் இன்னொரு லைட்டு எங்க?"

நானும் என் கணவரும் அழுததைப் பார்த்து நர்ஸ் மிஸ்ஸி ஓடி வந்தார். பாவம், ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துவிட்டார்.

அப்போதுதான் பாயின் நினைவே எனக்கு வந்தது. எங்களை இறக்கிவிட்டதும் ஆள் போய்விட்டிருந்தார். பெயர் கேட்கவில்லை. நன்றி சொல்லவில்லை. ஓடிப் போய் ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்தேன். யாருமில்லை.

பார்வையாளர் நேரம் முடிய மணியடிக்கப் போகும்போது வார்டு வாசலில் ஒருவர் தயங்கித் தயங்கி எட்டிப் பார்த்தார். தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டியது. கையில் சின்னச் சப்பாத்து ஒன்று. அவர் அதை ஆட்டியதும் சிவப்பு விளக்கு எரிந்தது. கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்த என் மகனைப் பார்த்ததும் அவர் முகம் முழுக்கச் சிரிப்பு.

"எஸ்டேட்ல மூட்டயப் பிரிக்கிறேன், உள்ள மினுக்கு மினுக்குன்னு என்னவோ எரியுது... நான் பயந்துட்டேன் லா அக்கா! ஒத்தச் சப்பாத்த நான் யாருக்கு விக்கிறது? இந்தா தம்பி, நீயே போட்டு நட!"