முதல் கட்டு வைக்கோல்

எக்ஸ்பிரஸ் அக்காவுக்கு மெதுவாக நடக்கத் தெரியாது. கல்யாணமாகி வந்த அன்றைக்கே மாப்பிள்ளையை முந்திக்கொண்டு வீட்டு வாசலில் வந்து நின்றவள் என்று அவளுடைய நாத்தனார் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். பட்டப்பெயர் வைத்ததும் அந்த நாத்தனார்தான். அது ஊர் முழுக்கப் பரவி, இப்போது பால் டெம்போ டிரைவர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்.

அவளுக்குப் பால் கொள்முதல் நிலையத்தில் வேலை. நாற்சந்தியில் ஒரு தகரக் கூரை, உள்ளே ஒரு மேசை, ஒரு தராசு, பெரிய பெரிய கேன்கள், அவ்வளவுதான் நிலையம். விடிந்ததும் ஊரே தூக்குச்சட்டியோடு வரிசையில் நிற்கும். அவள் பால்மானியைப் போட்டுப் பார்ப்பாள், அளப்பாள், கேனில் ஊற்றுவாள். கையும் ஓயாது, வாயும் ஓயாது. யாராவது கொஞ்சம் தண்ணீரைக் கலந்துவிட்டால் சத்தம் போடமாட்டாள். "உங்க மாடு நேத்து மழையில நனைஞ்சுதா?" என்று விசாரிப்பாள். ஊரில் மழையைப் பார்த்தே வெகு காலம் ஆகியிருக்கும். வரிசை முழுக்கச் சிரிக்கும். மறுநாள் அந்தச் சட்டியில் பால் திக்காக இருக்கும்.

இப்படிப்பட்டவள் வாயடைத்து உட்கார்ந்த காலம் ஒன்று உண்டு. முந்தைய வறட்சியில் நடந்தது. முதலில் சட்டிகள் அரைச்சட்டி ஆயின. பிறகு வரிசை சுருங்கியது. தீனி போட வழியில்லாமல் ஒவ்வொரு வீடாக மாட்டைத் தரகரிடம் தள்ளிவிட்டது. எல்லாரும் ஒரே நேரத்தில் விற்றால் விலை எங்கே நிற்கும்? அடிமாட்டு விலைதான். கடைசியில் நிலையத்தையே பூட்டினார்கள். கொடுமை அதோடு முடியவில்லை. மறு வருஷம் நல்ல மழை. புல் முழங்கால் உயரம் வளர்ந்து நின்றது, மேய ஒரு மாடு இல்லை. அந்தப் புல்லைப் பார்த்துத்தான் அவள் அழுதாள். வறட்சியில் அழாதவள் மழையில் அழுதாள்.

அழுது முடித்த கையோடு எழுந்து ஓடவும் ஆரம்பித்துவிட்டாள், அது அவள் சுபாவம். பெண்களைக் கூட்டினாள். மீண்டும் மாடு வாங்குகிற ஒவ்வொரு வீடும் அறுவடை முடிந்ததும் வைக்கோலில் ஒரு பகுதியைப் பொதுவில் போட்டுவைக்க வேண்டும். கெட்ட வருஷம் வந்தால் எடுத்துக்கொள்ளலாம், நல்ல வருஷத்தில் திருப்பிப் போடலாம். விஷயம் அவ்வளவுதான். பாழடைந்து கிடந்த செங்கல் சூளைக் கொட்டகையைக் கேட்டு வாங்கினார்கள். தரையில் பலகை பரப்பி, ஈரம் ஏறாமல் கட்டுகளை அடுக்கினார்கள். மாடுகள் திரும்பின, நிலையமும் மறுபடி திறந்தது, இரண்டு அறுவடையில் கொட்டகை கூரை முட்ட நிறைந்தது. அந்தப் பொன்னிறப் போரைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு உடம்பு சிலிர்க்கும். தினமும் சும்மாவாவது ஒருமுறை பூட்டைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு வருவாள்.

சட்டம் போட்டதும் அவள்தான். கூட்டத்தில் எழுந்து நின்று, நெஞ்சு நிமிர்த்தி, இரண்டே இரண்டு சட்டம் சொன்னாள். ரொம்பக் கஷ்டப்படுகிற வீடு முதலில் எடுக்க வேண்டும். சாவி வைத்திருப்பவள், அதாவது அவள், கடைசியில்தான் எடுக்க வேண்டும். கைதட்டல் பறந்தது. எவ்வளவு பெரிய முட்டாள்தனத்துக்குக் கைதட்டு வாங்கினோம் என்று அவளுக்கு அப்போது தெரியாது.

பிறகு கெட்ட வருஷம் வந்தது. மழை ஏமாற்றியது. போதாததற்கு நகரத்தில் கட்டட வேலை நின்றுபோய், வெளியூர் போன ஆண்களிடமிருந்து பணம் வருவது நின்றது. அரிசி விலை ஏறியது. தூக்குச்சட்டிகள் மறுபடி இலேசாயின. அக்காவோ பதறவில்லை, உள்ளுக்குள் குதித்துக்கொண்டிருந்தாள். வரட்டும், இந்தத் தடவை நம்மிடம் கொட்டகை இருக்கிறது! சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, முதல் ஆள் எப்போது வருவார் என்று வாசலைப் பார்த்தபடி இருந்தாள்.

ஒருவரும் வரவில்லை.

வாரங்கள் போயின. மாடுகளின் விலா எலும்பை எண்ணிவிடலாம் போலிருந்தது. கொட்டகையைத் தாண்டிப் போகிறவர்கள் அந்தப் பக்கம் திரும்பாமல், தலையை நிமிர்த்திக்கொண்டு போனார்கள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. பொறுமை என்பது அவளுக்குப் பிறவியிலேயே கிடையாது. ஒரு நாள் சாயங்காலம் வீடு வீடாகக் கிளம்பிவிட்டாள்.

சைக்கிள் கடைக்காரர் வீட்டில், தங்களுக்கு என்ன குறை, தையல்காரி வீட்டு மாடுதான் பாவம் என்றார்கள். தையல்காரி பதறிப்போனாள்: எங்க மாட்டுக்கு என்ன, கிணற்றுக்காரர் வீட்டில்தான் தவிடுகூட இல்லையாம். கிணற்றுக்காரர் வீட்டம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, தாங்கள் ஒன்றும் அந்த நிலைமைக்குப் போய்விடவில்லை, தெருக்கோடி வீட்டில் போய்க் கேள் என்றாள். ஒவ்வொரு வீட்டிலும் மாடு பசியில் கத்துவது காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. சொல்லுகிறவர்களும் கேட்டுக்கொண்டேதான் சொன்னார்கள். கடைசியில் தெருக்கோடி வீட்டுப் பெரியம்மா அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஊரைச் சுத்தறது இருக்கட்டும். உன் மாட்டைப் பார்த்தியா? அது படுத்தா எழுந்திருக்க மாட்டேங்குது."

அக்காவுக்கு முகத்தில் அடித்தாற்போல் ஆகிவிட்டது. ஏனென்றால் அது உண்மை. வேலியோரத்துக் காய்ந்த இலையைப் போட்டு அந்த மாட்டை அவள் ஏமாற்றிக்கொண்டிருந்தாள். கேட்டால், சாவிக்காரி கடைசியில்தானே எடுக்க வேண்டும் என்று தனக்குத்தானே பெருமை வேறு.

வீடு திரும்பும்போதுதான் அடுத்த இடி. பக்கத்து வீட்டு வாசலில் மாட்டுத் தரகர் நின்றுகொண்டிருந்தார். நாத்தனார் வீடு. நாத்தனாரின் புருஷன் கட்டட வேலைக்குப் போன இடத்தில் வேலையில்லாமல் முடங்கிக் கிடந்தான். இரண்டு பெண் குழந்தைகள், ஒரே ஒரு மாடு. அதுவும் சினை மாடு. இன்னும் கொஞ்ச நாள் தாக்குப்பிடித்தால் கன்று போடும், பால் கறக்கும், குழந்தைகள் சாப்பிடும். அதைக் காலையில் சந்தைக்கு ஏற்றுவதாகப் பேச்சு முடிந்துவிட்டது.

தரகர் போனதும் அக்கா உள்ளே பாய்ந்தாள். கொட்டகை இருக்கிறதே, ஒரு வார்த்தை கேட்கக்கூடாதா என்றாள். நாத்தனார் அடுப்பிலிருந்து நிமிரவேயில்லை.

"ஊர்லயே ரொம்பக் கஷ்டப்படற வீடு என் வீடுதான்னு நான் போய் நிக்கணுமா, அண்ணி? மாடு போனா போகட்டும்."

அந்த ஒரு பேச்சில் எல்லாம் விளங்கிவிட்டது. முதல் கட்டை எடுக்கிறவர் தலையில் வைக்கோலை மட்டுமா தூக்கிப் போவார்? ஊரிலேயே கடைசி வீடு என்கிற பட்டத்தையும் சேர்த்தல்லவா சுமக்க வேண்டும்! அந்தப் பட்டத்தைச் செய்து வைத்தவள் யார்? கைதட்டு வாங்கிய இந்த மகராசி. அன்றைக்கு அவள் நடையில் வேகமே இல்லை.

மறுநாள் காலை நாற்சந்தியில் வழக்கம்போல் வரிசை நின்றது. எதிர்ப்பக்கம் தரகரின் வேன். அதன் பின்கம்பியில் நாத்தனாரின் மாடு கட்டியிருந்தது; வேறு இரண்டு மாடுகள் வரவேண்டும் என்று தரகர் காத்திருந்தார். நாத்தனார் கயிற்றைப் பிடித்தபடி, யார் முகத்தையும் பாராமல் நின்றாள். நிலையமோ பூட்டிக் கிடந்தது. எக்ஸ்பிரஸ் இன்னைக்கு லேட்டா என்று யாரோ கேட்டார்கள். அப்படி ஒரு நாள் அதுவரை வந்ததே இல்லை.

அப்போது சூளைப் பக்கமிருந்து அவள் வந்தாள், தலையில் ஒரு பெரிய வைக்கோல் கட்டு.

கொட்டகையிலிருந்து அவள் வீட்டுக்குப் பின்பக்கமாகக் குறுக்குவழி உண்டு. யார் கண்ணிலும் படாமல் போயிருக்கலாம். அவளோ நடுத்தெருவில், ஊரே பார்க்க வந்தாள். வரிசைக்கு முன்னால் வந்து கட்டைத் தொப்பென்று கீழே போட்டாள்.

"என் மாடு பட்டினி," என்றாள். "அதான் முதல் கட்டை நான் எடுத்துட்டேன்."

அவள் எதிர்பார்த்தது வேறு. ஊர் உச்சுக்கொட்டும், இரண்டு பேர் கண் கலங்குவார்கள், சாவிக்காரிக்கே இந்த நிலைமையா என்று மனசு இளகி ஒவ்வொருவராக வருவார்கள் என்று இரவெல்லாம் கணக்குப் போட்டிருந்தாள். நடந்தது என்ன தெரியுமா? சைக்கிள் கடைக்காரர் சட்டியைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தார்.

"ஏம்மா, சாவி வச்சிருக்கறவங்க கடைசியிலதான் எடுக்கணும்னு நீதானே சொன்னே?"

"சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன், அண்ணே."

"அது எப்படி? அதுல என் வைக்கோல் இருக்கு."

அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. எங்க வைக்கோலும் இருக்கு என்றாள் தையல்காரி. நல்ல உயர்ந்த ரக வைக்கோலாகப் போட்டது தாங்கள்தான் என்றாள் கிணற்றுக்காரர் வீட்டம்மா. தெருக்கோடிப் பெரியம்மா, சாவி கையில் இருந்தால் எதையும் செய்யலாமா என்று நியாயம் கேட்டாள். நேற்றுவரை எங்களுக்கு என்ன குறை என்று சொன்ன அத்தனை வாயும் இன்றைக்குத் தன் பங்கைக் கேட்டது. தேவைக்கு வராதவர்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள்! அக்கா ஒரு கணம் திகைத்து நின்றாள். அடுத்த கணம் அவளுக்கு உள்ளே சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. சிரித்துவிட்டால் காரியம் கெட்டுவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"சரிதான். போட்டவங்க எல்லாருக்கும் அதுல பங்கு இருக்கு," என்று குரலை உயர்த்தினாள். "கஷ்டப்படறவங்க கஷ்டப்படாதவங்க பேச்சே இனிமே கிடையாது. வாராவாரம் அவங்கவங்க பங்கை எடுத்துக்கலாம். வேண்டாங்கறவங்க விட்டுடலாம்."

"யாரு விடுவா?" என்றார் சைக்கிள் கடைக்காரர்.

யாரும் விடவில்லை. வரிசை கலைந்தது, சட்டிகள் அப்படியே தரையில் கிடந்தன, கூட்டம் சூளையை நோக்கி ஓடியது. கூடவே அக்காவும் ஓடினாள், எல்லாரையும் முந்திக்கொண்டு. கொட்டகை வாசலில் ஒரே தள்ளுமுள்ளு. என் கட்டு சின்னதா இருக்கு, அவர் கட்டு பெரிசா இருக்கு, அவங்களுக்கு மட்டும் மேல் கட்டா? வாழ்நாளில் அவ்வளவு இனிமையான சண்டையை அவள் கேட்டதில்லை. திட்டு வாங்க வாங்க உற்சாகம் கூடியது. வியர்வை ஒழுக, தும்மிக்கொண்டே, கட்டு கட்டாக எடுத்துக் கொடுத்தாள்.

திடீரென்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு நாத்தனார் வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது.

"என்னைக் கேக்காம எப்படி அண்ணி எடுத்தீங்க? போன அறுவடையில எங்க வீட்டுக் கட்டையும் சுமந்து வந்து போட்டது நான். என் பங்கைக் கொடுங்க."

அக்கா இருப்பதிலேயே நல்ல கட்டாகப் பார்த்து நாத்தனார் தலையில் ஏற்றிவிட்டாள். நாத்தனார் விறுவிறுவென்று நடந்து நாற்சந்திக்கு வந்தாள். வேன் அருகில் வந்ததும் கால் நின்றுவிட்டது. கோபத்தில் மறந்தே போயிருந்தாள். தரகர் அவளையும் கட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"மாடே போகுது. வைக்கோல் எதுக்கும்மா?" என்று கேட்டார்.

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை, புரியாமல்தான் கேட்டார். பின்னாலேயே ஓடி வந்த அக்கா எட்டவே நின்றுகொண்டாள். தான் ஒரு வார்த்தை சொன்னால் நாத்தனார் ரோஷத்தில் மாட்டை ஏற்றிவிடுவாள் என்று தெரியும். பேசாமல் இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டாள். மாட்டுக்கு ரோஷமெல்லாம் கிடையாதே. அது கழுத்தை நீட்டி, நாத்தனார் தலையிலிருந்த கட்டிலிருந்து ஒரு வாய் வைக்கோலை உருவிக்கொண்டது. மென்றுவிட்டு மறுபடியும் உருவியது.

நாத்தனார் அசையாமல் நின்று கொடுத்தாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. பிறகு ஒரு கையால் கட்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் வேன் கம்பியில் இருந்த முடிச்சை அவிழ்த்தாள். தரகர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தெருவில் இப்போது வரிசையாக வைக்கோல் கட்டுகள் நடந்து போய்க்கொண்டிருந்தன. வரவேண்டிய அந்த இரண்டு மாடுகளும் வரப்போவதில்லை என்று அவருக்கே புரிந்துவிட்டது. வேனில் ஏறி உட்கார்ந்தார்.

அண்ணியும் நாத்தனாரும் மாட்டை நடுவில் விட்டு வீட்டை நோக்கி நடந்தார்கள். அதன் நடைக்கு இருவரும் மெதுவாகத்தான் போக வேண்டியிருந்தது. கொஞ்ச தூரம் போனதும் நாத்தனார் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"உங்க மாடு நிஜமாவே பட்டினியா, அண்ணி?"

"ஆமா."

"பக்கத்து வீட்லதானே இருக்கேன். என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ சொன்னியா?" என்றாள் அக்கா.