மூன்று தாருக்கு இருபது நிமிடம்

எங்கள் வீட்டுக்கு இணையம் வந்தது மகளின் படிப்புக்காக. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு அது யாருக்காக இருந்தது என்பதில் எனக்கே குழப்பம் வந்துவிட்டது.

மகள் ஆறாம் வகுப்பு பாதியில் பள்ளியை விட்டு நின்றவள். கணக்குப் பரீட்சை என்றால் காலையிலேயே வயிறு வலிக்கிறது என்பாள். நடிப்பு என்றுதான் நாங்கள் நினைத்தோம். ஒருநாள் ஓர் எழுத்துகூட எழுதாமல் தாளைக் கொடுத்துவிட்டு வந்து, வாசற்படியிலேயே வாந்தி எடுத்தாள். அதற்குப் பிறகு அனுப்பவில்லை. எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வாக எழுதலாம் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். அதுவரை வீட்டில் யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும். என் மனைவி விடிவதற்குள் கம்பெனி பஸ் ஏறி ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலைக்குப் போய்விடுவாள். வீட்டில் இருப்பவன் நான். படிப்பு பத்தாவது. தறிக்குழியில் காலை விட்டுக்கொண்டு நெய்தபடியே சொல்லிக்கொடுப்பேன். அவள் பக்கத்தில் பாய் போட்டு எழுதுவாள். தறிச் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தியே எனக்குத் தொண்டை கட்டிப்போகும்.

அறிவியல் பாடத்தில் எனக்கே புரியாத இடங்கள் வரத் தொடங்கியபோது, மச்சான் ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து உள்ளறையில் வைத்து, பிராட்பேண்ட் இணைப்பும் வாங்கிக் கொடுத்தார்.

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. டீக்கடையில் கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்று, அப்புறம்தான் ஒரு டீ கேட்பேன். அப்படிப்பட்டவன், பிள்ளைகளை வீட்டில் படிக்கவைக்கும் பெற்றோர்கள் எழுதிக்கொள்ளும் ஒரு தமிழ்க் குழுமத்தை இணையத்தில் கண்டுபிடித்தேன். பின்னங்களை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று ஒற்றை விரலால் தட்டிக் கேட்டேன். மறுநாள் ஆறு பேர் பதில் எழுதியிருந்தார்கள். சில வாரங்களில் நானே பதில் சொல்கிறவன் ஆகிவிட்டேன். "ஐயா, உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்" என்று யாரோ ஓர் அம்மா கேட்டிருந்தார். என்னிடம் அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. பிள்ளை பக்கத்தில் பொறுமையாக உட்கார வேண்டும் என்று நான் நீளமாக எழுதி முடித்து எழுந்துபோனபோது, பிள்ளை ஒரே கணக்கை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரமாக எனக்காகக் காத்திருந்தாள்.

ஒரு சனிக்கிழமை மனைவி தறியையும் நோட்டையும் பார்த்துவிட்டுக் கேட்டாள். "சேலையும் நவுரல, பாடமும் நவுரல. ரெண்டு பேரும் வூட்டுல இன்னாதான் பண்ணிக்கினு இருக்கீங்க?"

மகள் என்னைப் பார்த்தாள். காட்டிக்கொடுக்கவில்லை. அதுதான் எனக்கு அதிகமாகச் சுட்டது.

அன்றைக்கு ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். தறியில் குறுக்கே ஓடும் நூலைச் சின்னக் குழலில் சுற்றி வைப்போம். அதற்குத் தார் என்று பெயர். தறியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடும் கட்டைக்கு நாடா என்று பெயர், தாரை அதற்குள் போட்டுத்தான் நெய்ய வேண்டும். தீர்ந்தால் அடுத்த தார். தினமும் காலையில் ராட்டையில் நானே ஒன்பது தார் சுற்றி, ஈரத்துணி போட்ட அலுமினியக் கிண்ணத்தில் வைப்பேன். மூன்று தார் நெய்து முடித்தால் இருபது நிமிடம் இணையம். மறுபடியும் மூன்று. ஆக ஒரு நாளைக்கு மூன்றே முறை. கடிகாரத்தை நம்புவதைவிட இது நல்லது என்று நினைத்தேன். கடிகாரம் நான் சும்மா இருந்தாலும் ஓடும். தார் அப்படி ஓடாது.

அந்த வாரம் சராசரி பாடம் வந்தது. புத்தகத்தில் இருந்த கணக்குகளைப் பார்த்ததுமே அவள் முகம் வெளுத்தது. நான் தையல் டேப்பை எடுத்துக் கொடுத்து, "ஒவ்வொரு தாருக்கும் எத்தினி இஞ்ச் நெய்ஞ்சிருக்குதுன்னு அளந்து எழுது. எல்லாத்தையும் கூட்டி, தாருங்கள எண்ணி வகுத்துடு. அவ்ளோதான்" என்றேன். நாலரை வந்தது. மறுநாளும் ஏறக்குறைய நாலரை. "சரியா வந்துக்கினு இருக்குது கண்ணு" என்று தறியிலிருந்தே சொல்வேன். தினமும் சாயங்காலம் டேப்போடு வந்து நிற்பாள். தனியாக ஒரு நோட்டே போட்டுவிட்டாள். கணக்கில் அவள் தானாக வந்து நின்றது அதுதான் முதல் தடவை. இரண்டு மாதம் எல்லாம் ஒழுங்காகப் போனது.

மழைக்காலத்தில் குழுமத்தில் ஒருவர் என் பதிலை மறுத்து எழுதினார். அவருக்கு என்ன சொல்வது என்று நாடா ஓடும்போதெல்லாம் மனத்துக்குள் எழுதி எழுதி அழித்தேன். எனக்குப் பதில் வந்திருக்குமோ, மற்றவர்கள் அவர் பக்கம் பேசியிருப்பார்களோ என்று உள்ளறைப் பக்கமே பார்ப்பேன். எழுந்திருக்க இன்னும் இரண்டு தார் நெய்ய வேண்டியிருக்கும். சட்டத்தை மீறக்கூடாது, அதில் உறுதியாக இருந்தேன்.

ஆனால் காலையில் ராட்டை சுற்றும்போது என் கை கொஞ்சம் முன்னதாகவே நின்றது. நூலை அறுத்துவிட்டு அடுத்த குழலை எடுத்தேன். அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் முன்னதாக. ஒன்பது தார் பதினொன்றாகி, அப்புறம் பதினைந்தாகியது. மூன்று முறை ஐந்து முறையாகியது. மூன்று தாருக்கு இருபது நிமிடம். சட்டம் சட்டமாகவே இருந்தது.

மகளின் நோட்டை அந்த நாட்களில் நான் வாங்கிப் பார்க்கவில்லை. பாயைச் சுற்றி ரப்பர் தூள் கிடந்தது, கூட்டித் தள்ளினேன். தனித்தேர்வு விண்ணப்பத்தை வாங்கிவந்து, எல்லாம் நிரப்பி, அவள் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு அலமாரியில் வைத்திருந்தேன். கொடுக்க வேண்டிய கடைசி நாளுக்கு ஒரு வாரம் இருந்தது.

அன்றைக்குக் காலை அவள் பாயிலிருந்து எழுந்திருக்கவில்லை.

"வயிறு வலிக்குதுப்பா."

பள்ளியும் இல்லை, வாத்தியாரும் இல்லை. அந்த வலி எப்படி இந்த வீட்டுக்குள் வந்தது?

"ஃபாரத்துல கையெழுத்துப் போடணுமே, மா."

"நான் எழுதல. எனக்குக் கணக்கு வராது. உனக்கே தெரியும்."

அவள் தூங்கியதும் நோட்டைத் திறந்தேன். நாலரை, நாலரை, நாலேகால். அப்புறம் நாலு. மூன்றரை. அங்கிருந்து தாள் அழுக்கேறியிருந்தது. ஒரே கணக்கை மூன்று தரம், நாலு தரம் போட்டிருந்தாள். மூன்று என்று வந்த நாளில் ரப்பர் போட்டுப் போட்டுத் தாள் கிழிந்திருந்தது. ஓரத்தில் பென்சிலால் "தப்பு" என்று எழுதியிருந்தாள். அதற்குப் பின் ஒவ்வொரு பக்கத்திலும் அது இருந்தது. நான் உட்கார்ந்து எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தேன். ஒன்றுகூடத் தப்பில்லை.

தாரைப் பற்றி அவளிடம் சொல்லாமல் தப்பிக்க முடியுமா என்றுதான் முதலில் பார்த்தேன். அதை இங்கே மறைக்க விரும்பவில்லை. அவள் விழித்ததும், "எல்லாம் சரியாத்தான் கண்ணு போட்டுக்கீற" என்றேன்.

"சும்மா சொல்லாதப்பா. மொதல்ல நாலரைதான் கரெக்ட்டுன்னு சொன்ன. இப்ப மூணும் கரெக்ட்டா?"

முகம் தெரியாதவர்களுக்குப் பக்கம் பக்கமாக எழுதியவனுக்கு, பெற்ற பிள்ளையிடம் ஒரு வரி வரவில்லை. தறிக்குழியில் இறங்கிக் கையை விட்டுத் துழாவினேன். எப்போதோ உருண்டு விழுந்த பழைய தார் ஒன்று மிதிகட்டைக்குப் பின்னால் கிடப்பது தெரியும். அதை எடுத்துத் தூசி தட்டி அவளுடைய ஒரு கையில் வைத்தேன். கிண்ணத்திலிருந்து அன்றைய தாரை எடுத்து மறு கையில் வைத்தேன்.

மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"இது இன்னாப்பா, இம்மாம் ஒல்லியா கீது?"

"நான்தான் கம்மியா சுத்துனேன்."

"ஏன்?"

"சீக்கிரம் தீர்ந்தா சீக்கிரம் எழுந்து போவலாம்ல. உள்ள. கம்ப்யூட்டருக்கு."

அழுவாளோ, அம்மாவிடம் சொல்வாளோ, இனி நான் சொல்லும் எதையும் நம்பவே மாட்டாளோ என்று மூன்று பயமும் ஒன்றாக வந்தன. அவள் நோட்டை இழுத்து, கிழிந்த பக்கத்தைத் திறந்தாள்.

"அப்ப இது தப்பு இல்லையா?"

"இல்ல."

"இது?"

"அதுவும் இல்ல. தப்பு என்னுது."

ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, ஓரத்தில் இருந்த "தப்பு" எல்லாவற்றையும் ரப்பரால் அழித்தாள். கடைசிப் பக்கத்தில் மட்டும் அழிக்காமல், அதற்கு முன்னால் "அப்பா" என்று எழுதிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொள்ள ராட்டைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சாயங்காலம் பஸ் விட்டு இறங்கி வந்த மனைவியிடம் அவளே நோட்டை நீட்டிக் கதையைச் சொன்னாள். மனைவி சாப்பாட்டுப் பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"கம்பெனியில ஒன்னுக்குப் போனாக்கூட சூப்பர்வைசரு டைம் பாக்குறான். வூட்டுல உங்களுக்கு ஆள் இல்லன்னு நெனச்சீங்களா? உங்க சூப்பர்வைசர் இங்க பாய் மேல குந்திக்கினு கீது."

மறுநாள் காலை ராட்டையை எடுத்தபோது கை பழைய இடத்திலேயே நிற்கப் பார்த்தது. எண்ணி எண்ணிச் சுற்றினேன். குழுமத்தில் அந்த மனிதர் என்ன எழுதியிருப்பார் என்ற நினைப்பு நாள் முழுக்க அரித்தது. ஆறு தார் முடிந்தும் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் கம்ப்யூட்டர் முன்னாலேயே உட்கார்ந்துவிடுவேன் என்று பயமாக இருந்தது.

சாயங்காலம் அவள் டேப்போடு வந்தாள். அளந்தாள், கூட்டினாள், வகுத்தாள். ஒரே தரம்தான் போட்டாள், ரப்பரைத் தொடவில்லை.

"நாலேகால்."

"நாலரை இருக்கணுமே, கண்ணு. சரியா பாத்தியா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"என் கணக்கு சரிதான். நீ இன்னும் கால் இஞ்ச் ஏமாத்துற."

அலமாரியிலிருந்து விண்ணப்பத்தை அவளே எடுத்து வந்து, அந்த நோட்டின் மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டாள்.