கொட்டாத தண்ணீர்

காய் வேகவைத்த தண்ணீரைக் கொட்ட மனமில்லாமல் ஒருத்தி தன் உடம்பைக் கெடுத்துக்கொண்டாள் என்று சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவள் என் மனைவி. காரைக்காலில் அரசுப் பள்ளியில் அறிவியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். பாதி ஊர் இன்றைக்கும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடும்.

அவள் எட்டாம் வகுப்புக்கு நடத்திய பாடம் ஒன்று எனக்கே மனப்பாடம். கடல் காற்றில் எங்கள் வீட்டு ஜன்னல் கம்பி துருப்பிடித்து உதிரும். அந்தத் துருவைச் சுரண்டித் தாளில் மடித்து வகுப்புக்கு எடுத்துப் போவாள். இரும்புக்கு ஆவது மாதிரிதான் உடம்புக்குள்ளும் ஆகிறது, அதைத் தடுக்கிற பொருள்களைச் செடிகள் தங்களுக்காகச் செய்து வைத்திருக்கின்றன, பீட்ரூட்டின் சிவப்பிலும் கத்தரித் தோலின் ஊதாவிலும் நெல்லிக்காயின் துவர்ப்பிலும் இருப்பவை அவைதான் என்பாள். ஆக்சிஜனேற்றத் தடுப்பான் என்ற பெயர் பிள்ளைகளின் வாயில் நுழையாது. ஆனால் கடைசி வரியை எல்லோரும் சேர்ந்து கத்துவார்கள்: வேகவைத்த தண்ணீரைக் கொட்டக் கூடாது.

பல வருஷத்துச் சர்க்கரை அவள் சிறுநீரகங்களைக் கெடுத்துவிட்டது. மருந்தும் சாப்பாடும் ஒழுங்காக இருந்தால் டயாலிசிஸைத் தள்ளிப்போடலாம் என்றார் டாக்டர். அந்த 'தள்ளிப்போடலாம்' ஒன்றுதான் எங்களுக்குப் பிடிமானம். அதைப் பிடித்துக்கொண்டு நான் ஏறாத கோயில் இல்லை. பிரான்சில் குடியுரிமையோடு இருக்கும் அவள் அக்கா திராட்சை விதை மாத்திரை அனுப்பினார். அங்கே எல்லோரும் சாப்பிடுகிறார்களாம். டாக்டர் டப்பாவை எங்கள் பக்கமே நகர்த்தி, இது வேண்டாம் என்றார். நல்ல கிட்னிக்குச் சத்தாக இருப்பது கெட்டுப்போன கிட்னிக்குச் சுமையாகிவிடலாம் என்றார்.

அதே ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகராக இருந்த பெண் பொறுமையாக விளக்கினாள். காயிலும் கீரையிலும் பொட்டாசியம் இருக்கிறது. நல்ல சிறுநீரகம் மிச்சத்தை வெளியே தள்ளும், இது தள்ளாது, ரத்தத்தில் ஏறினால் இதயமே நின்றுபோகலாம். அதனால் காயைப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டிவிட வேண்டும். நிறமும் சத்தும் அதோடு போய்விடுமே என்று கேட்டாள் என் மனைவி. கொஞ்சம் போகத்தான் செய்யும் டீச்சர், வேறு வழியில்லை என்றாள் அந்தப் பெண்.

இவள் திருநள்ளாறு பக்கம் நெல் விளைவிக்கும் குடும்பத்தில் பிறந்தவள். சோறு வடித்த கஞ்சியில் உப்புப் போட்டுக் குடித்து வளர்ந்தவள். வடித்த எதையும் சாக்கடையில் ஊற்றி அந்த வீட்டில் பழக்கமில்லை.

ஆனாலும் ஒழுங்காக வடித்தாள். நானே பார்த்தேன். வெளுத்துப்போன பீட்ரூட்டை முகம் சுளிக்காமல் தின்றாள். பின்னாலேயே ரசம் வரும், மிளகு தூக்கலாக, நல்ல நிறத்தில். இத்தனை கட்டுப்பாட்டிலும் நாக்குக்கு ருசியாக ஏதோ செய்துகொள்கிறாளே என்று எனக்கு நிம்மதி.

ஒருநாள் காலையில் அவளால் கட்டிலை விட்டு எழ முடியவில்லை. கால்கள் துவண்டு கிடந்தன, மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. எடுத்த நர்ஸ் அந்தத் தாளோடு ஓடினாள். நான் என் மனைவியின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே நின்றேன். தெரிந்த தெய்வங்களை எல்லாம் கெட்ட வார்த்தையில் திட்டினேன். திட்டி முடித்துவிட்டு அவர்களிடமே கெஞ்சினேன். அவள் இல்லாத வீட்டுக்கு நான் எப்படித் திரும்பிப் போவேன் என்பதைத் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை.

பொட்டாசியம் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. கழுத்தில் குழாய் போட்டு டயாலிசிஸ் செய்தார்கள். கொஞ்சம் தெளிந்ததும் அந்த உணவு ஆலோசகப் பெண் வந்து கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

"காய வேகவச்சுத் தண்ணிய வடிச்சீங்களா டீச்சர்?"

"வடிச்சேம்மா."

"வடிச்ச தண்ணிய?"

இவள் என்னைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள்.

"ரசம் வச்சேன்."

அந்தப் பெண் இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நான்தான் வீட்டுக்கு வந்ததும் கத்தித் தீர்த்தேன். படித்தவள்தானே, இதயம் நின்றுபோகும் என்று உன் காதில்தானே சொன்னார்கள், சாவதற்கு ஆசையா என்று கேட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள் நான் ஓயும்வரை காத்திருந்தாள்.

"கொட்டாதீங்கன்னு எத்தனை பிள்ளைங்களுக்குச் சொல்லியிருப்பேன். சத்தெல்லாம் அதுலதான இருக்கு. பொழச்சுக்கலாம்னுதாங்க குடிச்சேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கொல்லைப் பக்கம் போய் அழுதேன்.

தள்ளிப்போட நினைத்தது இப்போது வாராவாரம் நடக்கிறது. சமையல் என் பொறுப்பு. காயை நான் வேகவைக்கிறேன், தண்ணீரை நான் வடிக்கிறேன். சாக்கடையில் ஊற்றினால் அவள் முகம் என்னவோ போல் ஆகிறது. அதனால் ஆறவைத்துக் கொல்லையில் இருக்கும் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுகிறேன். எங்கள் வீட்டு உப்பு மணலில் வருஷக்கணக்காகக் குச்சியாகவே நின்ற செடி அது. இப்போது பார்க்க வேண்டுமே, இடுப்புக்கு மேல் வளர்ந்து, இலைக்கு எண்ணெய் தடவிய மாதிரி மினுமினுப்பு.

போன வாரம் டயாலிசிஸ் முடிந்து அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து படுக்கவைத்தேன். துணியைப் பிழிந்து போட்ட மாதிரி கிடந்தாள். தண்ணீர் எடுக்கக் கொல்லைக்குப் போனால் இது தளதளவென்று நிற்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அரிவாளை எடுத்து அடிக்கிளையில் ஒரு போடு போட்டேன். சத்தம் கேட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டே அவள் கொல்லை வாசற்படி வரை வந்துவிட்டாள்.

"அத ஏங்க வெட்டுறீங்க? எனக்குச் சேராதது அதுக்காவது சேரட்டுமே."

அரிவாளைக் கீழே வைத்தேன். அவளைத் திரும்பக் கூட்டிப்போய்ப் படுக்கவைத்தேன். மறுநாள் மதியம் பீட்ரூட் வேகவைத்தேன். தண்ணீர் ஆறும்வரை பக்கத்திலேயே நின்று, கொண்டுபோய் அதற்கே ஊற்றினேன்.