இரண்டு விரலுக்கு ஒரு கிளட்ச்

எங்கள் தொழிலில் உதிரிபாகங்கள் இரண்டே வகை: கிடைக்காதது ஒன்று, கிடைத்தும் பொருந்தாதது இன்னொன்று.

சேற்றிலும் மேட்டிலும் தாவிக் குதிக்கிற பழைய மோட்டோகிராஸ் பைக்குகளுக்குக் கிளட்ச் சாமான் தேடிப் பிடிப்பதும், கிடைக்காவிட்டால் செய்து கொடுப்பதும் என் பிழைப்பு. சேலம் அஸ்தம்பட்டியில், ஏற்காடு ரோட்டை ஒட்டி ஒரு ஷெட். என்னிடம் வருகிற வண்டிகளுக்கு நாற்பது, ஐம்பது வயது ஆகியிருக்கும். அவற்றைச் செய்த கம்பெனிகளில் பாதி மூடிவிட்டன. மீதிப் பாதிக்கு இப்படி ஒரு வண்டி செய்தோம் என்பதே ஞாபகம் இல்லை. மிக்ஸி ஜாருக்கு மூடி கேட்டுப் போய், "அந்த மாடல் நின்னு போச்சுங்க" என்ற பதிலை வாங்கிக்கொண்டு திரும்பியவர்கள் உங்களில் எத்தனை பேர்? அத்தனை பேரும் எனக்குச் சொந்தக்காரர்கள்தான். அந்தப் பதிலை நான் ஒரு நாளைக்கு நாலு தடவை கேட்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

போன வருஷம் ஒரே ஒரு கிளட்ச் என்னை ஐந்து மாதம் ஆட்டிவைத்தது. அந்தக் கதைதான் இது.

சுவரில் மாட்டுவதற்கு

பொன்னுசாமி அண்ணன் திருச்செங்கோட்டுக்காரர். ஆழ்துளைக் கிணறு போடுகிற போர்வெல் ரிக் லாரி மூன்று வைத்திருக்கிறார். இளவட்டத்தில் மோட்டோகிராஸ் பந்தயம் ஒன்றையும் விடாதவர். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ரிக்கில் துளையிடுகிற ராடு மாற்றும்போது இடது கை மாட்டி, மோதிர விரலும் சுண்டு விரலும் போய்விட்டன. கிளட்ச் பிடிக்கிற கை அதுதான். அன்றிலிருந்து அவருடைய 250 சிசி வண்டி தார்ப்பாய்க்குள் கிடந்தது. போன ஆடி மாதம் அதை மினி லாரியில் ஏற்றி என் ஷெட் வாசலில் இறக்கினார்.

கிளட்ச் கைப்பிடியை இழுத்துக் காட்டினார். மிச்சமிருந்த இரண்டு விரலுக்கு அது பாதி தூரம்தான் வந்தது. தை மாதம் ஆத்தூர் பக்கம் பழைய வண்டிகளுக்கு மட்டும் ஒரு பந்தயம் வைக்கிறார்கள். அதில் ஓட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. முடியாது என்றால், கேட்டுக்கொண்டிருக்கிற பெங்களூர் ஓட்டல்காரர் ஒருவருக்கு வண்டியைக் கொடுத்துவிடப் போகிறார். ஓட்டல் சுவரில் அழகுக்கு மாட்டுவார்களாம். "நல்ல இடந்தானே அண்ணா, ஏசி எல்லாம் இருக்கும்" என்று வாய்த்துடுக்காகச் சொல்லிவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. தோளில் கிடந்த துண்டால் பெட்ரோல் டேங்கை ஒரு தடவை துடைத்துவிட்டுச் சொன்னார்:

"செவுத்துல ஆணியடிச்சு மாட்டறதுக்கு இதென்ன மான் கொம்புங்களா சாமி?"

பச்சை பெயிண்ட்

கிளட்ச் பெரிய மாயவித்தை ஒன்றும் இல்லை. ஒரு இரும்புக் கூடைக்குள் தட்டுகளை அடுக்கியிருப்பார்கள். ஸ்பிரிங் அவற்றை இறுக்கிப் பிடித்திருக்கும்வரை எஞ்சினின் இழுவை பின்சக்கரத்துக்குப் போகும். கைப்பிடியை இழுத்தால் தட்டுகள் விலகி இழுவை நின்றுவிடும். அண்ணன் வண்டியைத் திறந்து பார்த்தேன். தட்டெல்லாம் தேய்ந்துபோய், அது தெரியாமலிருக்க யாரோ ஒரு புண்ணியவான் கல் மாதிரி ஸ்பிரிங்கைப் போட்டு முடுக்கி வைத்திருந்தான். லேசான ஸ்பிரிங் போட்டால் கைக்குச் சுகம், ஆனால் தட்டு வழுக்கும். ஐந்து ஜோடித் தட்டு இருக்கிற இடத்தில் மெல்லியதாக ஏழு ஜோடி அடுக்கினால் பிடிமானம் கூடும், லேசான ஸ்பிரிங்கே தாங்கும் என்று கணக்குப் போட்டேன். கணக்கு சரி. ஆனால் கூடையின் பல்லில் ஒன்று உடைந்திருந்தது. அந்தக் கூடை உலகத்தில் எங்கேயும் விற்பனைக்கு இல்லை.

திருச்செங்கோட்டு ரிக் லாரி போகாத மாநிலம் இந்தியாவில் கிடையாது. கூடையின் அளவுக்கு அட்டை வெட்டி, அண்ணனின் ரிக் டிரைவர்களிடம் ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்து அனுப்பினேன். போகிற ஊரில் பழைய இரும்புக் கடையைக் கண்டால் வண்டியை நிறுத்திப் பார்க்கச் சொன்னேன். முருகேசன் என்ற டிரைவர் மத்தியப் பிரதேசத்தில் ஏதோ ஒரு ஊரில் அட்டையை வைத்துப் பார்த்து, அச்சு அசலாக ஒன்றைப் பிடித்துவிட்டார். அங்கிருந்து துணிப்பைக்குள், தன் வேட்டி சட்டைக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்தார். அந்த மனுஷனை நான் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். ஆனால் லாரி ஊர் வந்து சேர்ந்தது ஆயுத பூஜை சமயம். ரிக்குக்குப் பச்சை பெயிண்ட் அடித்த கையோடு என் கூடைக்கும் உள்ளும் புறமும் மூன்று கோட் அடித்து, சந்தனம் குங்குமமும் வைத்துக் கொண்டுவந்து நீட்டினார். தட்டுகள் ஓடி விளையாட வேண்டிய பள்ளங்களில் எல்லாம் பெயிண்ட் தோய்ந்து காய்ந்திருந்தது. தின்னரும் பல் தேய்க்கும் பிரஷுமாக இரண்டு நாள் சுரண்டினேன். உள்ளே பல் ஒன்றுகூடத் தேயாமல் புதிதாக இருந்தது. இதற்கு ஏன் பெயிண்ட் அடித்தீர்கள் என்று கேட்டதற்கு முருகேசன் சொன்னார்:

"அண்ணன் வண்டிக்குப் போற சாமானுங்க. துருவோட கொண்டாந்து குடுத்தா மரியாதையா இருக்குமுங்களா?"

வெர்னியரில் இல்லாத அளவு

மெல்லிய இரும்புத் தட்டு செய்ய யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. சாந்தாமணி ஒத்துக்கொண்டார். திருச்செங்கோட்டில் ரிக்குக்கு வேண்டிய சாமான்களைக் கடைந்து கொடுக்கிற லேத் பட்டறைக்கு அவர்தான் முதலாளி, அவரேதான் தொழிலாளி. ஆள் உயர ராடு கடைகிற கைக்குக் காகிதம் மாதிரித் தட்டு சரிப்படுமா என்று எனக்கு உள்ளூர ஒரு இளக்காரம் இருந்தது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

முதலில் தேய்த்த தட்டுகள் சூடேறி, பொரித்த அப்பளம் மாதிரி வளைந்துகொண்டன. அத்தனையையும் அவர் கழிவுத் தொட்டியில் போட்டார். அடுத்த தடவை ஒரு பக்கம் கொஞ்சம், திருப்பிப் போட்டு மறுபக்கம் கொஞ்சம், நடுவில் ஆற விட்டு, மறுபடி கொஞ்சம் என்று மூன்று நாள் தேய்த்தார். ஒவ்வொரு தட்டையும் கண்ணாடிப் பலகைமேல் வைத்து விளிம்பில் விரலால் தட்டிப் பார்ப்பார். தட்டு படிந்து உட்கார்ந்திருந்தால் சத்தம் வராது. துளி வளைந்திருந்தாலும் டக் டக் என்று காட்டிக்கொடுத்துவிடும். ஏழாவது தட்டு லேசாகச் சத்தம் போட்டது. எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "பரவாயில்லை, கொடுங்கம்மா" என்றேன். சாந்தாமணி தட்டைத் தொட்டிக்குள் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை எடுத்தார்.

"பரவால்லைன்னு ஒரு அளவு எங்க வெர்னியர்ல இல்லீங்ணா."

இட்லிப் பானை

இரும்புத் தட்டுக்கு ஜோடியாக வருகிற தட்டில் வட்ட வட்டமாக ஓட்டை இருக்கும். ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு கார்க் துண்டு. பிடிமானம் கொடுப்பது அதுதான். பள்ளிக்கூட லேபுகளுக்குச் சாமான் விற்கும் கடையில் புட்டி மூடுகிற கார்க்காக வாங்கி, வில்லை வில்லையாக நறுக்கினேன். ஆவியில் வேகவைத்தால் கார்க் மெத்தென்று ஆகும். சூட்டோடு ஓட்டையில் அழுத்திவிட்டால் ஆறும்போது கவ்விக்கொள்ளும். வீட்டு இட்லிப் பானையில் வைத்துப் பத்து நிமிஷத்தில் எடுத்து அழுத்தினேன். ஒரு வாரம் இதையே செய்தேன். ஒவ்வொரு தடவையும் காலையில் பார்த்தால் பாதி கீழே உதிர்ந்து கிடக்கும்.

என் மனைவி கோமதிக்கு மோட்டார் என்றாலே ஆகாது. பானையைக் காணாமல் தேடிக்கொண்டு ஷெட்டுக்கு வந்தவள், ஒரு வில்லையை எடுத்து நசுக்கிப் பார்த்தாள். திரும்பவும் உள்ளே போட்டு, மூடிமேல் அம்மிக் குழவியை வைத்து அரைமணி நேரம் விட்டாள். அன்றைக்கு அழுத்தியதில் ஒன்றுகூட உதிரவில்லை. எத்தனையோ வருஷமாகக் கார்க்கோடு மாரடிக்கிற எனக்கு இது தோன்றவில்லையே என்று அசந்து நின்றேன். அவள் பானையை முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"வேகாததை எடுத்து வெச்சா எப்படி ஒட்டும்? நாளைக்கு எனக்குப் புதுப் பானை வாங்கிட்டு வாங்க, இதை நீங்களே வெச்சுக்குங்க."

மீதித் தூரம்

இனி வருவது என் தப்பு. கணக்குப்படி வேண்டிய ஸ்பிரிங்கைவிட இன்னும் லேசாகச் சுற்றி வாங்கினேன். அண்ணன் ஒற்றை விரலால் இழுக்க வேண்டும், பார்க்கிறவர்கள் என்னை ஆகா என்று சொல்ல வேண்டும், அதுதான் காரணம். கார்த்திகையில் ரிக் நிறுத்துகிற இடத்தில் வண்டியை ஓட்டிப் பார்த்தோம். டிரைவர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். அண்ணன் கைப்பிடியை இழுத்தார், வெண்ணெயாக வந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தார். கியரைப் போட்டு ஆக்சிலரேட்டரை முறுக்கினார். எஞ்சின் காது கிழியக் கத்துகிறது, வண்டியோ மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம் மாதிரி நகர்கிறது. கிளட்ச் வழுக்கிவிட்டது. யாரும் சிரிக்கவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் வலித்தது.

கணக்குப்படியான ஸ்பிரிங்கைச் சுற்றி வாங்கிப் போட்டேன். வழுக்கல் நின்றது. ஆனால் கைப்பிடி முக்கால் வாசிக்கு மேல் அவர் விரலுக்கு வரவில்லை. கைப்பிடியின் நீளத்தையும் கேபிள் போகிற வழியையும் மாற்றிப் பார்த்தாயிற்று. இனி என் சரக்கில் ஒன்றும் இல்லை. "இதுக்கு மேல குறைச்சா வழுக்கும் அண்ணா, என்னால ஆனது இவ்வளவுதான்" என்று சொன்னேன். அவர் தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீங்க இத்தனை தூரம் வந்துட்டீங்க. மீதித் தூரத்துக்கு நான் வாரேனுங்க."

தை மாதம், ஆத்தூர்

அதற்கப்புறம் நடந்ததை முருகேசன்தான் எனக்குச் சொன்னார். அண்ணன் ஆபீஸில் ஒரு வாளித் தண்ணீரும் துண்டும் வைத்துக்கொண்டு, போனில் பேசும்போதுகூட இடது கையால் ஈரத்துண்டைப் பிழிந்துகொண்டே இருப்பாராம். ஐம்பத்தைந்து வயதில், வாரத்துக்கு ஒரு துண்டு நைந்துபோகிற அளவுக்குப் பிழிந்திருக்கிறார்.

பந்தயம் மரவள்ளி பிடுங்கின காட்டில். ஒன்பது வண்டிகள், மூன்று சுற்று. அன்று காலையில்கூட ஓட்டல்காரர் போன் செய்தாராம். சாயந்திரம் சொல்கிறேன் என்று அண்ணன் வைத்துவிட்டார். கிளட்ச் செய்கிறவன் பந்தயத்தைப் பார்ப்பதில்லை, காதால் கேட்பான். சாந்தாமணியும் நானும் வரப்போரம் நின்று, கூட்டத்தில் அந்த ஒரு எஞ்சினின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தோம். இரண்டு சுற்று சுத்தமாகப் போயிற்று.

மூன்றாவது சுற்றில், மண்மேட்டில் ஏறும்போது அண்ணனுக்கு முன்னால் போனவர் விழுந்து, வண்டியோடு பாதைக்குக் குறுக்கே கிடந்தார். அண்ணன் ஏற்றத்திலேயே நிறுத்தினார். கியரில் நிற்கிற வண்டி, உறுமுகிற எஞ்சின், கைப்பிடியை முழுக்க இழுத்துப் பிடித்திருக்கும் இரண்டு விரல். அந்த விரல் நழுவினால் வண்டி கீழே கிடப்பவர்மேல் பாயும். அல்லது எஞ்சின் அணைந்து அத்தோடு பந்தயம் முடியும். நான் என்னை அறியாமல் எண்ணத் தொடங்கினேன். ஓடிவந்தவர்கள் ஆளைத் தூக்கி, வண்டியை இழுத்து ஒதுக்குவதற்குள் முப்பத்தெட்டு எண்ணியிருந்தேன். அண்ணன் கைப்பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். எஞ்சின் கத்தவில்லை. பின்சக்கரம் மண்ணைக் கடித்து, வண்டி மேட்டைத் தாண்டிப் போனது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. தூசி விழுந்துவிட்டது என்று சாந்தாமணியிடம் சொன்னேன். அவரும் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் இருந்தார்.

ஒன்பது பேரில் ஆறாவதாக வந்தார். நான் காட்டுக்குள் ஓடிப்போய், மூச்சு வாங்கிக்கொண்டே, "அண்ணா, கிளட்ச் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன். ஹெல்மெட்டைக் கழற்றிய அவர், எதைப் பற்றிக் கேட்கிறேன் என்று விளங்காதவர் போல என்னைப் பார்த்தார்.

"கிளட்ச்சுங்களா? அதை நெனைக்கவே இல்லீங்களே சாமி. அஞ்சாவதாப் போனவனை எந்த வளைவுல புடிச்சிருக்கலாம்னுதான் ரோசனை பண்ணிட்டு வாரேன்."

வண்டி ஓட்டல் சுவருக்குப் போகவில்லை. ஐந்து மாதம் இத்தனை பேர் மெனக்கெட்டுச் செய்த ஒரு பொருளை, அதை வைத்து ஓட்டியவர் மூன்றே சுற்றில் சுத்தமாக மறந்துபோனார் என்றால், எங்கள் தொழிலில் அதைவிடப் பெரிய கோப்பை எதுவும் கிடையாது.